தீர்ந்த விடையும் தீராத வினாவும்: ஐதராபாத் மொழித்தொழில்நுட்பப் பாட அமைப்பில் ஆய்வும் கற்பித்தலும்

முன்னுரை

ஆய்வும் கற்பித்தலும் பல்கலைக்கழகத்தின் இரு கண்கள் என்று கூறுவது வழக்கம். பட்டமளிப்பு விழா உரைகளிலும் தர மதிப்பீட்டு அறிக்கைகளிலும் இத்தொடர் தவறாமல் இடம்பெறும். ஆயினும் இவ்விரண்டும் ஒரு பாடத்தாளின் அமைப்பிற்குள் எவ்வாறு இணைகின்றன என்னும் வினா தமிழ்த்துறைகளில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆசிரியர் ஆய்வாளராகவும் இருந்தால் அவரது வகுப்பு இயல்பாகவே ஆய்வு சார்ந்ததாகிவிடும் என்பது ஒரு நம்பிக்கை. வகுப்பறைக்குள் கணினியும் இணையமும் வந்துவிட்டால் கற்றல் தானே மேம்படும் என்பது மற்றொரு நம்பிக்கை. இவ்விரு நம்பிக்கைகளும் சோதித்துப் பார்க்கப்பட வேண்டியவை.

அச்சோதனைக்கு ஏற்ற களமாக ஐதராபாத் நகரத்தின் மொழித்தொழில்நுட்பக் கல்வி அமைகிறது. இந்திய மொழிகளின் இலக்கணத்தைக் கணினிக்கு ஏற்ப வடிவமைக்கும் ஆய்வும், அவ்வாய்வைப் பட்டப்படிப்பு மாணவர்க்குக் கற்பிக்கும் முயற்சியும் அங்கு ஒரே வளாகத்தில் நிகழ்கின்றன. அங்கு உருவான மெய்நிகர் ஆய்வகத்தையும், மரவங்கி எனப்படும் இலக்கணக் குறியீட்டுத் தொகுப்புப் பணியையும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். விடை இன்னும் தீராத ஓர் இடத்தை மாணவர் கையில் ஒப்படைக்கும்போதே கற்றல் தொழில்நுட்பம் ஆய்வையும் கற்பித்தலையும் இணைக்கிறது. விடை முன்னரே தீர்ந்துவிட்ட இடத்தில் அது பயிற்சிக் கருவியாக மட்டும் நிற்கிறது என்பது இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

ஆய்வு – கற்பித்தல் உறவு: கோட்பாட்டு நிலை

ஆய்வையும் கற்பித்தலையும் ஒன்றிணைக்கும் கருத்து, 1810ஆம் ஆண்டு பெர்லினில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தோடும் வில்லெம் வான் ஹம்போல்ட் அவர்களின் பெயரோடும் தொடர்புபடுத்தப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் அறிவு என்பது முழுதும் கண்டடையப்படாத ஒன்றாகவே கருதப்பட வேண்டும் என்பதும், ஆசிரியரும் மாணவரும் அத்தேடலில் உடனுழைப்போர் என்பதும் அக்கருத்தின் சாரமாகும். இன்று தமிழ்த்துறைகளில் நிகழும் கருத்தரங்கம் என்னும் வடிவத்திற்கும் அம்மரபோடு தொடர்புண்டு.

இக்கருத்தை எண்ணிக்கை அடிப்படையில் சோதித்தவர்கள் ஜான் ஹாட்டி, ஹெர்பர்ட் மார்ஷ் ஆகிய இருவர். முன்னர் நிகழ்த்தப்பெற்ற 58 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, ஓர் ஆசிரியரின் ஆய்வுத் திறனுக்கும் கற்பித்தல் திறனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.06 மட்டுமே எனக் காட்டியது. அதாவது, நல்ல ஆய்வாளர் நல்ல ஆசிரியராக இருப்பார் என்றோ இருக்கமாட்டார் என்றோ முன்கூட்டிச் சொல்ல இயலாது. இம்முடிவு ஆய்வும் கற்பித்தலும் இணையவே இயலாது என்று கூறவில்லை. அவை தாமாக இணைவதில்லை. இணைக்கும் வகையில் பாடம் அமைக்கப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க பொருளாகும்.

பாட அமைப்பு நோக்கில் மிக் ஹீலி 2005இல் முன்வைத்த நாற்பகுப்பு இங்குக் கருதத்தக்கது. மாணவர் கேட்போராக இருக்கிறாரா, பங்கேற்போராக இருக்கிறாரா என்பது ஓர் அச்சு. பாடம் ஆய்வின் முடிவுகளை வற்புறுத்துகிறதா, ஆய்வு நிகழும் முறையை வற்புறுத்துகிறதா என்பது மற்றோர் அச்சு. இவ்வகையில், ஆய்வு முடிவுகளைக் கேட்டறிதல், ஆய்வு முறைகளைக் கேட்டறிதல், ஆய்வு முடிவுகளை எழுதியும் விவாதித்தும் பங்கேற்றல், ஆய்வு முறையைத் தாமே மேற்கொண்டு தேடுதல் என நான்கு நிலைகள் அமைகின்றன. தமிழ்த்துறைகளின் பெரும்பாலான தாள்கள் முதல் நிலையில் அமைந்தவை. ‘ஆராய்ச்சி நெறிமுறைகள்’ என்னும் தாள் இரண்டாம் நிலையைச் சாரும். கருத்தரங்கக் கட்டுரை மூன்றாம் நிலையைத் தொடும். நான்காம் நிலையோ ஆய்வேட்டுக்கு முன் எங்கும் இடம்பெறாமற் போவதுண்டு.

இந்நாற்பகுப்போடு மற்றொரு நாற்பகுப்பையும் ஒப்பிட இயலும். நடுவணரசு 2017இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ இணையவழிக் கல்வித் தளத்தின் ஒவ்வொரு பாடமும் காணொளி உரை, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, இணையவழி விவாத மன்றம் என்னும் நான்கு பகுதிகளால் ஆனது. இவற்றுள் முதல் மூன்றும் தீர்ந்த அறிவை வழங்குவதற்கும் அது சென்று சேர்ந்ததா எனச் சரிபார்ப்பதற்கும் உரியவை. நான்காவது பகுதி ஐயம் தீர்க்கும் இடமாகும். ஐயத்தை ஆய்வாக வளர்க்கும் இடமாக அது அமைக்கப்படவில்லை. தொழில்நுட்பம் புதிதாயினும் மாணவர் நிற்கும் இடம் ஹீலி கூறும் முதல் நிலையே என்பது நோக்கத்தக்கது.

ஐதராபாத்: பின்புலம்

பாட அமைப்பிற்காகப் பெருமுயற்சிகள் மேற்கொள்ளப்பட்ட வரலாறு ஐதராபாத்துக்கு உண்டு. 1918இல் தொடங்கப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்குத் தேவையான பாடநூல்களை மொழிபெயர்க்கவும் கலைச்சொற்களை ஆக்கவும் 1917இலேயே ‘தாருல் தர்ஜுமா’ என்னும் மொழிபெயர்ப்பு அமைப்பு நிறுவப்பட்டது. கற்பித்தலின் தேவையே அங்குச் சொல்லாக்க ஆய்வைத் தூண்டியது. எனினும் அவ்வாய்வு அறிஞர் குழுவிற்குள் நிகழ்ந்தது. அதன் பயன் அச்சிட்ட நூலாக மாணவரிடம் வந்து சேர்ந்தது. 1948இல் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தில் இணைக்கப்பட்ட பின்னர்ப் பயிற்றுமொழி ஆங்கிலமாக மாறியது.

1982இல் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்நகரிலேயே தோன்றியது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இது 1991இல் டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் பெயரைப் பெற்றது. இதன் முதல் துணைவேந்தர் ஜி. இராம் ரெட்டி 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் ஆனார். கல்லூரி வாயிலை எட்ட இயலாதவர்க்குக் கல்வியைக் கொண்டு சேர்த்தது இதன் சாதனையாகும். எனினும் இங்கும் தொழில்நுட்பத்தின் பணி கொண்டு சேர்த்தலே ஆயிற்று.

இவற்றினின்றும் வேறான ஒரு போக்கு மொழியியல் துறையில் தோன்றியது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பெற்ற ‘அனுசாரகா’ என்னும் திட்டம் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல், மொழிபெயர்ப்பியல் மையத்திற்கும், பின்னர் 1998இல் நிறுவப்பட்ட பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்திற்கும் வந்தது. தெலுங்கு, கன்னடம், வங்காளம், பஞ்சாபி, மராத்தி ஆகிய மொழிப் பனுவல்களை இந்தி வாசகர் அணுக உதவுவது இதன் நோக்கமாகும். முழுமையான மொழிபெயர்ப்பைத் தருவதாக இக்கருவி உரிமை கோரவில்லை. மூலத்தில் இருபொருள் தோன்றும் இடங்களில் அதனை மறைக்காமல் வாசகரிடமே விட்டுவிடுவது இதன் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. பொறி செய்யக்கூடியதைப் பொறி செய்யும். தீர்மானிக்க வேண்டியதை மனிதர் தீர்மானிப்பர். இக்கொள்கை பின்வரும் ஒப்பீட்டிற்கு அளவுகோலாகிறது.

மெய்நிகர் ஆய்வகம்: தீர்ந்த விடை

தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கம் 2009இல் தொடங்கப்பட்டது. அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் இதன்கீழ் மெய்நிகர் ஆய்வகங்கள் திட்டத்தை மேற்கொண்டது. ஆய்வக வசதியற்ற கல்லூரி மாணவரும் இணையத்தின் வழியே சோதனைகளைச் செய்து பார்க்க இது வழிவகுத்தது. இதில் பங்கேற்ற ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம், பொறியியல் சோதனைகளோடு இயல்மொழி ஆய்வுக்கென ஓர் ஆய்வகத்தையும் உருவாக்கியது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உரியதாகக் கருதப்பட்ட ‘ஆய்வகம்’ என்னும் கருத்து இலக்கணத்திற்கும் விரிவாக்கப்பட்டமை பாராட்டத்தக்கது.

இவ்வாய்வகத்தில் சொற்பகுப்பு, சொல்லாக்கம், உருபனியல், சொற்றொடர் நிகழ்தகவு, சொல்வகைக் குறியீடு, தொடர்க்கூறு பிரிப்பு முதலிய பயிற்சிகள் உள்ளன. ஒவ்வொரு பயிற்சியும் அறிமுகம், கோட்பாடு, நோக்கம், சோதனை, வினாக்கள், மேல்வாசிப்பு என்னும் ஒழுங்கில் அமைகிறது. சொற்பகுப்புப் பயிற்சியில் மாணவர் ஆங்கிலம் அல்லது இந்தியில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பார். அச்சொல்லின் வேர், சொல்வகை, பால், எண், இடம், வேற்றுமை, காலம் ஆகியவற்றைக் கொடுக்கப்பட்ட பட்டியலிலிருந்து தெரிவு செய்வார். சரிபார்க்கும் பொத்தானை அழுத்தியதும் விடை சரியா தவறா என்பது தெரியவரும். உருபனியல் பயிற்சியில், வேர்ச்சொல்லிலிருந்து எந்த எழுத்தை நீக்கி எதனைச் சேர்த்தால் எந்த வடிவம் கிடைக்கும் என்னும் அட்டவணையை நிரப்ப வேண்டும்.

இப்பயிற்சிகளின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. இலக்கணக் கருத்துகளைக் கணினி ஏற்கும் அளவிற்குத் துல்லியமாக வரையறுக்க வேண்டும் என்பதை மாணவர் கைப்படச் செய்து உணர்கிறார். புணர்ச்சியின் விதியை ஒப்பிப்பதற்கும் அவ்விதியை நீக்கம், சேர்க்கை என்னும் படிகளாக எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அடிப்படைகளைக் கற்கும் நிலையில் உடனடித் திருத்தம் கிடைப்பதும் நன்மையே.

ஆயினும், ஆய்வோடு இணைந்த கற்பித்தல் என்னும் நோக்கில் இப்பயிற்சி ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. சரியான விடை கருவிக்குள் முன்னரே பதிக்கப்பட்டுள்ளது. கருவியின் விடையோடு மாணவர் உடன்படவில்லையெனில், தவறு மாணவருடையது என்பதே கருவி வழங்கும் ஒரே தீர்ப்பு. இருவகைப் பகுப்பிற்கும் இடந்தரும் சொல் ஒன்றை மாணவர் எதிர்கொண்டால், அவர் தம் காரணத்தை எழுதுவதற்கு இடமில்லை. பெயரளவில் சோதனையாயினும் செயலளவில் இது தேர்வாகிறது. இருபொருளை வாசகரிடம் விட்டுவைத்த அனுசாரகாவின் கொள்கை, அம்மரபில் வந்தோர் அமைத்த பாடக் கருவியில் இடம்பெறாமற் போனமை முரணாகத் தோன்றுகிறது.

இவ்வாய்வகத்திலேயே இதற்கு ஒரு விலக்கும் உண்டு. சொல்வகைக் குறிப்பானை உருவாக்கும் பயிற்சியில், பயிற்றுத் தொகுப்பின் அளவையும் கணிப்பு முறையையும் பண்புக் கூறுகளையும் மாணவரே மாற்றி, துல்லியம் கூடுகிறதா குறைகிறதா எனக் காண்கிறார். எது சிறந்தது என்பதை மாணவரே ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டியிருப்பதால் இங்குத் தேடல் தலைகாட்டுகிறது. எனினும் மாற்றத்தக்க மதிப்புகள் முன்னரே வரையறுக்கப்பட்டவை. மாணவர் தம் சொந்தப் பனுவலை உள்ளிட இயலாது.

மரவங்கி: தீராத வினா

தொடர்களில் உள்ள சொற்களுக்கிடையிலான இலக்கண உறவுகள் மனிதரால் குறிக்கப்பட்டு, கணினி பயிலும் வகையில் தொகுக்கப்பட்ட சேமிப்பே மரவங்கி எனப்படுகிறது. ஐதராபாத் நிறுவனத்தின் மொழித்தொழில்நுட்ப ஆய்வு மையம் இந்தி, தெலுங்கு, வங்காளம் ஆகிய மொழிகளுக்கு இத்தகைய தொகுப்புகளை உருவாக்கியது. 2009இல் ஐதராபாத்தில் நிகழ்ந்த இயல்மொழி ஆய்வு மாநாட்டில் இம்மூன்று மொழிகளின் தொடர்களைக் கணினி கொண்டு பகுக்கும் போட்டி நடைபெற்றது. இத்தொகுப்புகளின் கோட்பாட்டு அடிப்படையை, வினீத் சைதன்யா, இராஜீவ் சங்கல் ஆகியோர் ‘அக்ஷர் பாரதி’ என்னும் கூட்டுப் பெயரோடு இணைந்து 1995இல் வெளியிட்ட நூல் விளக்குகிறது. பாணினியின் காரகக் கோட்பாட்டை இக்கால இந்திய மொழிகளுக்குப் பொருத்துவது அந்நூலின் முயற்சியாகும்.

பழைய இலக்கணக் கோட்பாடு ஒன்று புதிய தரவை எதிர்கொள்ளும்போது விடை தானாகக் கிடைப்பதில்லை. பாணினியம் ஆறு காரகங்களைக் கூறுகிறது. ஐதராபாத் குறியீட்டு நெறியோ அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு நின்றுவிடவில்லை. ‘எனக்கு நிலவு தென்பட்டது’ என்பது போன்ற தொடர்களில் நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர், கொள்வோனைக் குறிக்கவில்லை, துய்ப்போனைக் குறிக்கிறது. இதற்கென ‘அனுபவ கர்த்தா’ என்னும் தனிக் குறியீடு உருவாக்கப்பட்டது. அதிகரணம் என்னும் ஒரே காரகம் இடம், காலம், பிற எனப் பிரிக்கப்பட்டது. பயன் குறிக்கும் உறவிற்கும் ஏது குறிக்கும் உறவிற்கும் காரகமல்லாத குறியீடுகள் தரப்பட்டன. தொடர்களைக் குறிக்க அமர்ந்தோர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் கோட்பாட்டை விரிவுபடுத்தின என்பதே இதன் பொருள்.

இந்நிறுவனம் நடத்தும் ஐந்தாண்டு இரட்டைப் பட்டப்படிப்பு இவ்வகையில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. கணினியியலில் இளநிலைப் பட்டத்தையும் கணினி மொழியியலில் ஆய்வுவழி முதுநிலைப் பட்டத்தையும் ஒருங்கே அளிக்கும் இப்படிப்பில், ஆய்வேடு இறுதியில் சேர்க்கப்பட்ட ஒரு சடங்கன்று, பட்டத்தின் நிபந்தனையாகும். பள்ளிக் கல்வி முடித்து வருவோர்க்கான இதன் நுழைவுத் தேர்விலேயே ஆய்வு நாட்டத்தை அளக்கும் பகுதி உண்டு. ஆய்வு மையம் உருவாக்கும் தரவும் கருவியும் மாணவரின் ஆய்வேட்டிற்குப் பொருளாகின்றன. ஆய்வேடு அத்தரவின் குறைகளை வெளிப்படுத்துகிறது. ஹீலியின் நான்காம் நிலை இங்குப் பாட அமைப்பின் உட்கூறாகவே உள்ளது.

இவ்வமைப்பும் குறையற்றதன்று. குறியீட்டு நெறி ஒருமுறை வகுக்கப்பட்டுவிட்டால், குறிப்போர் ஒரே மாதிரியாகக் குறிக்க வேண்டும் என்பது தரவின் தரத்திற்கு நிபந்தனையாகிறது. இருவர் தனித்தனியே குறித்தவற்றின் உடன்பாட்டு அளவு கணக்கிடப்படுகிறது. உடன்படாத இடங்கள் நெறிக்கேற்பத் திருத்தப்படுகின்றன. கணினிக்கு இது தேவை. ஆனால் கற்பவர்க்கு உடன்படாத இடங்களே கருவூலமாகும். ஏன் உடன்படவில்லை என்னும் பதிவு பாதுகாக்கப்படாவிடில், குறித்தல் என்பது ஆய்வாகாமல் கூலிப்பணியாகிவிடும். மரவங்கி இருப்பதாலேயே பாடம் ஆய்வாகிவிடாது. கருத்து வேறுபாட்டைப் பாடமாக்கும் ஏற்பாடு அதற்குத் தேவை.

தமிழ் இலக்கண மரபின் இடம்

இவ்விடத்தில் தமிழ்த்துறை மாணவர் வெறும் பயனாளராக இருக்க வேண்டியதில்லை. காரகம் பற்றிய விவாதம் தமிழ் மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகளாக வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, கொள்வோன், பயன் என எட்டனைக் கூறுகிறது. வீரசோழியத்தின் உபகாரகப் படலமும் பிரயோகவிவேகத்தின் காரகப் படலமும் வடமொழிக் காரகத்தைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தவை.

தொல்காப்பியர் கூறும் எட்டனையும் ஐதராபாத் குறியீட்டு நெறியையும் அருகருகே வைத்து நோக்கினால் சில உண்மைகள் புலப்படுகின்றன. பாணினியத்தில் அதிகரணம் என ஒன்றாக நிற்பதைத் தொல்காப்பியர் நிலம், காலம் என இரண்டாகக் கொண்டார். இக்கால மரவங்கி நெறியும் தரவின் தேவை கருதி அவ்வாறே பிரித்துள்ளது. பாணினியக் காரகங்களுள் அடங்காத பயனைத் தொல்காப்பியர் முதனிலைகளுள் வைத்தார். மரவங்கி நெறி அதற்கு வேறொரு குறியீட்டைத் தேட வேண்டியதாயிற்று. மறுபுறம், பாணினியம் தனிக்காரகமாகக் கொள்ளும் நீங்கல், தொல்காப்பியரின் எட்டனுள் தனியே சுட்டப்படவில்லை. ஐந்தாம் வேற்றுமைப் பொருளாக அது வேற்றுமையியலில் பேசப்படுகிறது. இவ்வொற்றுமை வேற்றுமைகளுக்கு என்ன காரணம் என்பது திறந்த வினாவாகும்.

‘எனக்குப் பசிக்கிறது’ என்னும் எளிய தொடரை எடுத்துக்கொள்ளலாம். இதில் முதல் வேற்றுமையில் நிற்கும் பெயர் எதுவும் இல்லை. வினைமுற்று அஃறிணை ஒருமை ஈறு பெற்றுள்ளது. ‘எனக்கு’ என்பது எழுவாயா, நான்காம் வேற்றுமைப் பெயர் மட்டுமா? நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை முதலிய பொருள்களைக் கூறுகிறார். துய்த்தல் இவற்றுள் எதில் அடங்கும்? ‘முதலிய’ என்பதில் அடக்குவதாயின், அவ்வாறு அடக்குவதற்குரிய சான்று உரைகளில் உண்டா? தெலுங்கிலோ ‘நாகு ஆகலி வேஸ்தோந்தி’ என்பர். அங்குப் பசி என்பது பெயராகவும் அதனோடு வேறொரு வினை இணைந்தும் வருவதால், பசியையே எழுவாயாகக் கொள்ள இடமுண்டு. உறவுடைய இரு மொழிகளில் ஒரே பொருள் இருவேறு அமைப்பில் வரும்போது, குறியீடு ஒன்றாக இருக்க வேண்டுமா, வேறாக இருக்க வேண்டுமா? தெற்காசிய மொழிகளில் துய்ப்போன் எழுவாய் பற்றி 1990இல் எம். கே. வர்மா, கே. பி. மோகனன் ஆகியோர் தொகுத்த நூல் வெளிவந்தது. அதன் பின்னரும் விவாதம் முற்றுப்பெறவில்லை. இத்தகைய வினாவே வகுப்பறைக்கு உரியது.

இதன் நடைமுறைப் பயனும் சிறிதன்று. ஐதராபாத் நிறுவனத்தின் தலைமையில் 11 நிறுவனங்கள் கூடி உருவாக்கிய ‘சம்பர்க்’ இயந்திர மொழிபெயர்ப்புத் திட்டத்தில் தெலுங்கு–தமிழ் இணையும் தமிழ்–இந்தி இணையும் இடம்பெற்றன. அத்தகைய மொழிபெயர்ப்பில் மேற்கண்ட தொடரின் பகுப்பு பிழைபட்டால் மொழிபெயர்ப்பும் பிழைபடும்.

தமிழுக்கான மரவங்கிகள் எங்கு உருவாயின என்பதும் எண்ணத்தக்கது. செய்தித்தாள் நடையிலமைந்த 600 தொடர்களைக் கொண்ட தமிழ் மரவங்கியை லோகநாதன் இராமசாமி, செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள சார்லசு பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். பின்னர், தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட இக்காலத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டுத் தொடர்களைக் கொண்டு 500க்கும் மேற்பட்ட தொடர்கள் உடைய மற்றொரு மரவங்கியை உருவாக்கியவர்கள் பரமேசுவரி கிருஷ்ணமூர்த்தியும் இலங்கையைச் சேர்ந்த க. சர்வேஸ்வரனும் ஆவர். முன்னவர் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் தெலுங்கு–தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வில் ஈடுபட்டவர். இவை பெறுமதி மிக்க பணிகள். தொல்காப்பியத்தையும் உரைகளையும் பாடமாகக் கற்கும் தமிழ்த்துறைகள் இத்தகைய பணியைத் தம் பாடத்தின் பகுதியாகக் கொள்ளாதிருப்பது சிந்தனைக்குரியது.

பாட அமைப்பிற்கான கருத்துரை

பல பாடத்திட்டங்களில் ‘கணினித் தமிழ்’ அல்லது ‘இணையத் தமிழ்’ என்னும் தாள் உள்ளது. எழுத்துருக்களின் வரலாறு, விசைப்பலகை வகைகள், தமிழ் இணையதளங்களின் பட்டியல் ஆகியவையே அதில் பெரும்பகுதி. இலக்கணத் தாள் ஒருபுறமும் கணினித் தாள் மறுபுறமும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன. இவ்விரண்டையும் மரவங்கிப் பணி ஒரே பருவத்தில் இணைக்கவல்லது.

சான்றாக, 30 மாணவர் உள்ள முதுகலை வகுப்பில் ஒவ்வொருவரும் 40 தொடர்களைக் குறித்தால் 1200 குறிப்புகள் கிடைக்கும். ஒரு தொடரை இருவர் தனித்தனியே குறிப்பதாகக் கொண்டால், ஒரு பருவத்தில் 600 தொடர்கள் இருமுறை குறிக்கப்பட்டிருக்கும். பிராக் நகரில் உருவான மரவங்கியின் அளவு இதுவே. இதற்கு உயர்விலை மென்பொருள் வேண்டியதில்லை. சாதாரண விரிதாள் போதும். இருவரும் உடன்படாத தொடர்கள் தனியே தொகுக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றிற்கும் இலக்கண நூற்பா, உரையாசிரியர் கருத்து, இக்கால மொழியியல் விளக்கம் ஆகியவற்றைக் காட்டி மாணவர் தம் முடிவை எழுத வேண்டும். மதிப்பெண் உடன்பாட்டிற்கு வழங்கப்படாமல் காரணத்திற்கு வழங்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர் முந்தைய ஆண்டின் முடிவுகளை மறுபரிசீலனை செய்து தொடங்குவர்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் இரண்டு. பயிற்சியற்ற மாணவர் குறிப்பது தரவைக் கெடுக்கும் என்பது முதலாவது. இருமுறை குறித்தலும் வேறுபாட்டுப் பதிவும் அப்பிழையை மறைக்காமல் வெளிக்காட்டுகின்றன. பதிவுடன் கூடிய பிழை, பதிவில்லாத சரியை விட ஆய்வுக்குப் பயன்படும். அடிப்படை அறியாதவர்க்கு ஆய்வு எதற்கு என்பது இரண்டாவது. இது வலுவான மறுப்பு. வேற்றுமை உருபுகளை இனங்காணத் தெரியாத மாணவரிடம் துய்ப்போன் எழுவாயைப் பற்றி வினவுவது பயனற்றது. மெய்நிகர் ஆய்வகம் போன்ற பயிற்சிக் கருவிகளின் உரிய இடம் அதுவே. பருவத்தின் முதற்பகுதியில் தீர்ந்த விடைகளைக் கொண்டு பயிற்சியும், பிற்பகுதியில் தீராத வினாக்களைக் கொண்டு தேடலும் அமைவதே முறை. பயிற்சியையே முடிந்த முடிபாகக் கொள்வதுதான் குறையாகும்.

இவ்வேற்பாட்டின் அவசரம் அண்மைக்கால மாற்றங்களால் கூடியுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 திசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட நெறிமுறை, நான்காம் ஆண்டில் ஆய்வுத் திட்டம் மேற்கொள்ளும் மாணவர்க்கு அதற்கென 12 மதிப்பலகுகளை ஒதுக்குகிறது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றோர்க்கே அவ்வாய்ப்பு உண்டு. மூன்றாண்டுகள் தீர்ந்த விடைகளை மட்டுமே எழுதி உயர் மதிப்பெண் பெற்ற மாணவர், நான்காம் ஆண்டில் திடீரென வினா எழுப்ப வேண்டும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. மேலும், 2022இன் இறுதியிலிருந்து பொதுப் பயன்பாட்டிற்கு வந்துள்ள உரையாடல்வகைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், விடை தீர்ந்த வினாக்களுக்கு நொடிப்பொழுதில் கட்டுரை எழுதித் தருகின்றன. அத்தகைய வினாக்களை மட்டுமே கேட்கும் பாடம், மாணவரை மதிப்பிடும் ஆற்றலையும் இழந்துவிடும்.

முடிவுரை

ஆய்வும் கற்பித்தலும் தாமாக இணைவதில்லை என்பதைப் புள்ளிவிவர ஆய்வு காட்டுகிறது. பாட அமைப்பே அவற்றை இணைக்கிறது. ஐதராபாத்தின் மெய்நிகர் ஆய்வகம் இலக்கணத்தைச் சோதனைப் பொருளாக்கியது. ஆயினும் அதன் சரிபார்க்கும் பொத்தான் மாணவரின் மறுப்பை ஏற்பதில்லை. அதே நிறுவனத்தின் மரவங்கிப் பணியும் ஆய்வுவழி இரட்டைப் பட்டப்படிப்பும் கோட்பாடு தரவோடு மோதும் இடத்தில் மாணவரை நிறுத்துகின்றன. முன்னது கருவியின் விடையை மாணவர் அடையச் செய்கிறது. பின்னது மாணவரின் வினாவால் கருவி திருந்த இடந்தருகிறது.

தமிழ்த்துறைகள் இவற்றுள் எதனைப் பின்பற்றும் என்பது கருவி வாங்கும் நிதியைப் பொறுத்ததன்று. சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் ஒரே நூற்பாவிற்கு வேறுபட்ட பொருள் கூறும் இடங்களைத் தமிழ் மாணவர் நெடுங்காலமாகக் கற்று வருகின்றனர். கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்து காப்பது உரைமரபின் இயல்பு. அம்மரபு இருமுறை குறித்த ஒரு விரிதாளில் தொடருமாயின், ‘எனக்குப் பசிக்கிறது’ என்னும் தொடரின் எழுவாய் எது என்பதற்குத் தமிழ் வகுப்பறையிலிருந்தே ஒரு விடை வரக்கூடும்.